அத்தை செய்ததாகச் சொன்ன ரோஜாக்கள்

தீபாவளி நெருங்கினால் ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பூக்களைக் குளிப்பாட்டுவோம். ஒவ்வொரு வீட்டு ஷோகேஸிலிருந்தும் பிளாஸ்டிக் ரோஜா, ராஃபியா கயிற்றைக் கிழித்துக் கட்டிய சாமந்தி, ஸ்ட்ராவை நறுக்கி வளைத்த டேலியா என்று எல்லாம் வெளியே வரும். சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, கைலிக்கும் பாவாடைக்கும் நடுவில் கொடியில் தலைகீழாகத் தொங்கவிடுவோம். ஒரு வருஷத்துச் செம்மண் தூசி சிவப்புத் தண்ணீராகச் சொட்டும். ஈஜோக்கிலிருந்து கோல சிலாங்கூர் போகும் பஸ்ஸில் இருப்பவர்கள் எங்கள் தோட்டத்தைத் தாண்டும்போது எட்டி எட்டிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்றுதான் முன்பக்கத்துக் கொடியில் போடுவதே.

நிஜப் பூவுக்கு அங்கே பஞ்சமில்லை. செம்பருத்தி வேலியாகவே நின்றது. ஆனால் அது யார் வீட்டு வேலியிலும் பூக்கும், அதில் என்ன பெருமை? ஷோகேஸுக்குள் ஏற வேண்டுமானால் கைவேலை வேண்டும். கெராங் சிப்பியைக் கழுவி நகப்பூச்சு தடவித் தாமரை செய்தவர்கள் உண்டு. எவ்வளவு கழுவினாலும் மழைநாளில் அந்தத் தாமரை மீன் சந்தை வாடை அடிக்கும். கிரேப் தாளில் செய்த பூ அழகாகத்தான் இருக்கும், பல்லி ஒரு தடவை ஏறி இறங்கினால் அதன் கதை முடிந்தது. இப்போது புக்கிட் செந்தோசாவில் என் வீட்டு ஷோகேஸில் இருப்பவை கடையில் வாங்கியவை. பார்க்க நிஜப் பூ மாதிரியே இருக்கின்றன. அதனாலேயே எனக்கு அவற்றைப் பிடிக்காது. நாங்கள் செய்தது நிஜப் பூ மாதிரி இருக்கவே இருக்காது, யார் செய்தார்கள் என்பது மட்டும் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அம்மா இந்தப் போட்டியில் இறங்கியது அப்பா போன பிறகு. மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோனது. அதிலிருந்து அம்மா பூவைத் தொடுவதை விட்டுவிட்டார் என்று எழுத வந்தேன். அது பொய். விட வைத்தார்கள். தலையில் வைக்கக் கூடாது என்பது இருக்கட்டும், கோயிலுக்குப் பூ தொடுக்கும் பெண்களோடு உட்காரவும் கூடாது. என் தலையிலும் அக்கா தலையிலும் பூ வைத்துவிட வேண்டுமானால் மூன்று வீடு தள்ளியிருந்த அத்தை வர வேண்டும். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. மாமா அந்தத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். மாமா வெளிக்காட்டை மேய்த்தார், அத்தை லயத்தை மேய்த்தார். எது ஆகும், எது ஆகாது என்பதை அத்தைதான் சொல்வார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்தச் சமயத்தில் பாலாய் என்று நாங்கள் சொல்லும் பொதுமண்டபத்தில் வாரம் ஒருமுறை ஒரு மலாய்க்கார டீச்சர் வந்து கைவேலை கற்றுக்கொடுத்தார். எண்பதுகளில் ஊரெல்லாம் ஸ்டாக்கிங் பூ பைத்தியம் பிடித்திருந்த நேரம். மெல்லிய கம்பியை வட்டமாக வளைத்து, அதன் மேல் நைலான் காலுறையை இழுத்துப் போர்த்தி, அடியில் நூலால் இறுக்கிக் கட்டினால் ஓர் இதழ். அப்படிப் பல இதழ்களைச் சேர்த்தால் ரோஜா. பக்கத்து வீட்டுப் பெண்கள் அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனார்கள். உடனே கேள்வி வந்துவிட்டது, தாலி இழந்தவள் பூ செய்யலாமா? வழக்கு அத்தையிடம் போனது. அத்தை ஒரு ரோஜாவைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். "மணக்கல, வாடாது. கம்பியும் துணியும்தானே. செஞ்சிட்டுப் போகட்டும்லா" என்றார். எனக்கு அத்தையைப் பிடிக்காது. இருந்தாலும் அந்தத் தீர்ப்புக்காக அன்று அவரை மன்னித்தேன்.

காலுறைக்கு அக்காதான் வழி செய்தாள். அவள் ரவாங் பக்கம் கிலாங் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தாள். விடிவதற்குள் கிலாங் பஸ் தோட்டத்து முச்சந்திக்கு வந்து தொழிற்சாலைப் பெண்களை அள்ளிக்கொண்டு போகும். அங்கே ஆபீஸில் வேலை செய்யும் பெண்கள் நூல் ஓடிப்போன காலுறைகளைத் தூக்கிப் போடுவார்கள். அக்கா கூச்சப்படாமல் கேட்டு வாங்கி வருவாள். அம்மா அவற்றைத் துவைத்து, வெந்நீரில் சாயமும் உப்பும் போட்டு வேகவைப்பார். தோல் நிறத்து நைலானில் சிவப்புச் சாயம் ஏறினால் வேறு யார் வீட்டிலும் இல்லாத ஒரு நிறம் வரும், சுட்ட செங்கல்லுக்கும் ரோஜாவுக்கும் நடுவில். இதழை அளக்க அம்மாவிடம் மூன்று கருவிகள் இருந்தன: டார்ச்லைட் பேட்டரி, இருமல் மருந்து பாட்டில், பால் டின். உள் இதழ் பேட்டரியில், வெளி இதழ் டின்னில். பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன கைகள் அந்த மெல்லிய நைலானைக் கிழிக்காமல் இழுப்பதை நான் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்காவுக்குப் பத்தாங் பெர்ஜுந்தையில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல குடும்பம். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா சாஸ்திரத்தில் பொல்லாதவர். நிச்சயத்தன்றே வெளிப்படையாகக் கேட்டுவிட்டார், "தாலித் தட்ட யாரு எடுப்பாங்க? சுமங்கலி கைதானே?" அத்தை, "அதெல்லாம் நான் பாத்துக்குறேன் சம்பந்தி" என்றார். அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தாரை வார்ப்பது அத்தையும் மாமாவும். மாலை கட்டுவது அத்தையும் லயத்துச் சுமங்கலிகளும். பெற்று வளர்த்தவளுக்கு அந்தக் கல்யாணத்தில் கை வைக்க ஒன்றுமில்லை, வெங்காயம் உரிப்பதைத் தவிர.

அம்மா சண்டை போடவில்லை. மாதக்கணக்காக உட்கார்ந்து ரோஜா செய்தார். அக்காவின் புது வீட்டு ஷோகேஸுக்குச் சீர் என்று சொன்னார். ஒரு ஷோகேஸுக்கு எதற்கு இத்தனை என்று நான் கேட்டதற்கு, "கெடக்கட்டும், உனக்கென்னா" என்றார். பெரிய பிரம்புக் கூடை நிறைந்து, மேலே துணி போட்டு மூட முடியாமல் போனது.

கல்யாணம் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். மணவறையைக் கிள்ளானிலிருந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். அன்று காலை நல்ல மழை. லோரிக்காரன் தார்ப்பாயைச் சரியாகக் கட்டாமல் வந்திருந்தான். இறக்கிப் பார்த்தால், மணவறையைச் சுற்றி ஒட்டியிருந்த தாள் பூக்கள் ஊறிக் கூழாகியிருந்தன. சிவப்பும் பச்சையும் வெள்ளைத் தூண்களில் கோடு கோடாக ஒழுகின. மாமா கையால் வழித்து வழித்துக் கீழே போட்டார். ஊர் கூடும் நேரம், தூண்கள் மொட்டையாக நின்றன. அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார்.

கூந்தல் பாதி பின்னியபடி அக்கா எழுந்து வந்துவிட்டாள். "அம்மா செஞ்ச பூவ வைங்க" என்றாள்.

அத்தை, "ஷோகேஸுல வைக்கிறது வேற, மணவறையில வைக்கிறது வேற. கால்ல போடுறதுடி அது!" என்றார்.

"அப்ப மொட்டையாவே இருக்கட்டும். நான் அதுலயே உக்காந்துக்குறேன்" என்றாள் அக்கா. சாது மிரண்டால் என்பார்களே, அன்றுதான் பார்த்தேன்.

அத்தை வாசலைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். "சரி, கட்டுங்க. யாரு செஞ்சதுன்னு ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது." நான்தான் ஓடிப்போய்க் கூடையைத் தூக்கி வந்தேன். நானும் லயத்துப் பையன்களும் கட்டினோம். அம்மா மண்டபத்துக்கு வெளியே, சமையல் கொட்டகை ஓரத்தில் நின்று பார்த்தார். உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டேன், வரவில்லை. ஆனால் கண்ணாலேயே ஒவ்வொரு பூவையும் சரி செய்துகொண்டிருந்தார். ஒன்றைத் தலைகீழாகக் கட்டியபோது அங்கிருந்தே கையை ஆட்டித் திருத்தினார்.

மணவறை நன்றாக வந்தது. நன்றாக என்றால், நான் அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணம் பார்த்துவிட்டேன், அந்த மாதிரி வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் உள்ளே நுழைந்ததும் சம்பந்தியம்மா நேராக மணவறைக்குத்தான் போனார். ஓர் இதழைத் தொட்டுப் பார்த்தார். "யாரு கைவேலை இது?" என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால் அங்கேயே பிய்த்து எறியச் சொல்வார் என்பது மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"என் கைதான் சம்பந்தி. பொழுது போகலன்னு செஞ்சது" என்றார் அத்தை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் அம்மாதான் செய்தார் என்று தெரியும். நான் வாயைத் திறந்துகொண்டு முன்னால் போகப் பார்த்தேன். பின்னாலிருந்து யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். அம்மா. எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. "நல்லபடியா முடியட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கொட்டகைக்குப் போய்விட்டார். தாலி கட்டும்போது கெட்டிமேளச் சத்தம் மட்டும்தான் அவருக்குக் கேட்டிருக்கும்.

பொய் ஒரு நாளோடு போயிருந்தால் பரவாயில்லை. சம்பந்தியம்மாவுக்கு அந்த ரோஜாக்கள் மேல் ஆசை வந்துவிட்டது. அக்கா மூலம் அத்தைக்குச் சொல்லி அனுப்புவார், சாமி படத்துக்குக் கீழே வைக்க ஒரு கொத்து, தன் நாத்தனார் வீட்டுக்கு ஒரு கொத்து. அத்தை இருட்டுவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்து, கதவோரம் நின்று, "இந்த வாட்டி மஞ்சளாம்" என்பார். அம்மா மஞ்சள் சாயம் காய்ச்சுவார். பூ அத்தை பேரில் போகும். புகழ் அத்தை பேரில் வரும். அத்தை அதை வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லவில்லை. கோயிலில் யாரோ புதியவர்கள் பாராட்டியபோது தலையைச் சாய்த்து ஏற்றுக்கொண்டதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

"அவங்களுக்கு நீ என்ன வேலைக்காரியா? ஏம்மா செஞ்சு குடுக்குற?" என்று கத்தினேன்.

"பூ எம்மக வீட்டுலதானே இருக்கு. பேரு எங்க இருந்தா என்னா?" என்றார் அம்மா. நான் அதை நம்பினேன். அம்மாவும் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன், அக்கா மசக்கையாக இருக்கிறாள் என்று நாங்கள் இருவரும் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பார்க்கப் போகும் வரை.

சம்பந்தியம்மா நல்ல மாதிரியாகவே நடந்துகொண்டார். காப்பி கொடுத்தார், முறுக்கு வைத்தார். பிறகு அம்மாவை ஷோகேஸுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். "ஒங்க நாத்தனார் கை எப்படி பாருங்க. தங்கக் கை. பக்கத்துலயே இருக்கீங்க, நீங்களும் கத்துக்கலாம்ல?"

அம்மா தன் ரோஜாக்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "எனக்கு எங்க வரும்" என்றார்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா சன்னலோரம் உட்கார்ந்து செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஈஜோக் தாண்டிய பிறகுதான் பேசினார். "எனக்கு எங்க வரும்னு சொன்னேன் பாரு. அத மட்டும் நான் சொல்லியிருக்கக் கூடாது." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா அப்பாவுக்காக அழுது பார்த்திருக்கிறேன். தனக்காக அழுதது எனக்குத் தெரிந்து அன்றுதான். அந்த நிமிஷத்தில் எனக்கு அத்தையை அறைய வேண்டும் போலிருந்தது.

வளைகாப்பை மாப்பிள்ளை வீட்டிலேயே வைத்தார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு வேன் பிடித்துப் போனோம். கட்டுச்சோற்றுப் பாத்திரங்களோடு அம்மா பின்பக்கமாகச் சமையலறைக்குள் நுழைந்துகொண்டார். நடுக்கூடத்தில் பாய் விரித்து, அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றிச் சுமங்கலிகள். அக்காவின் சடையில் மல்லிகையைச் சுற்றி முடித்தபோது சம்பந்தியம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. உச்சியில் ஒரு பெரிய ரோஜா இருந்தால் எடுப்பாக இருக்குமே! செய்கிறவரே வந்திருக்கும்போது என்ன குறை? கோல சிலாங்கூர் கடையிலிருந்து ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார் போலிருக்கிறது. ஒரு தட்டில் கம்பி, நூல், சிவப்பு நைலான் எல்லாம் கொண்டுவந்து அத்தை மடிக்கு முன்னால் வைத்தார்.

"ஒங்க கையால இப்ப ஒண்ணு செஞ்சு வைங்க சம்பந்தி. நாங்களும் எப்படின்னு பாக்குறோம்."

அத்தையின் முகத்தை நான் இன்றும் நினைத்துக்கொள்வேன். முதலில் கண் சரியாகத் தெரியவில்லை என்றார். சம்பந்தியம்மா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அத்தைக்கு மாட்டிவிட்டார். தப்பிக்க வழியில்லை. அத்தை கம்பியை எடுத்து வளைத்தார். அது வட்டமாக வராமல் தவளை மாதிரி வந்தது. அதன் மேல் நைலானைப் போர்த்தி இழுத்தார், ஒரு பக்கம் தொங்கியது. நூலை இறுக்கினார், அறுந்தது. சுற்றியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். நன்றாக வேண்டும் என்று நான் மனசுக்குள் சிரித்தேன்.

அத்தை கண்ணாடியைக் கழற்றித் தட்டில் வைத்தார். சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏம்மா, இங்க வா" என்று சத்தமாகக் கூப்பிட்டார்.

அம்மா ஈரக்கையோடு நிலைப்படியில் வந்து நின்றார்.

"சம்பந்தி, எனக்கு இந்தக் கம்பிய வளைக்கவே தெரியாது" என்றார் அத்தை. "மணவறையில இருந்தது, ஒங்க ஷோகேஸுல இருக்குறது, எல்லாம் இவ கை. அன்னிக்கே சொல்லியிருந்தா பிச்சுப் போட்டிருப்பீங்க. அந்தப் புள்ள மொட்டை மணவறையில உக்காந்திருக்கும். அதான் பொய் சொன்னேன். அப்புறம் எல்லாரும் புகழவும் எனக்கே அது நல்லாத்தான் இருந்துச்சு. தப்புத்தான்."

சம்பந்தியம்மா ஷோகேஸைப் பார்த்தார். சாமி படத்துக்குக் கீழே இருந்த மஞ்சள் கொத்தைப் பார்த்தார். மாசக்கணக்காகத் தினமும் விளக்கு வைத்துக் கும்பிட்ட இடம் அது. எழுந்து போய் அதை எடுத்து வெளியே எறியப் போகிறார் என்றே நினைத்தேன். அக்கா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சம்பந்தியம்மா எழுந்திருக்கவில்லை. பாயில் கொஞ்சம் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார். "அங்க வெளிச்சம் பத்தாது. இங்க வந்து உக்காருங்க" என்றார். மூலையில் ஒரு கிழவி ஏதோ முணுமுணுத்தார். "நீங்க சும்மா இருங்க பெரியம்மா" என்று அந்தப் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சுமங்கலிகள் நடுவில், அக்காவின் காலடியில். பேட்டரியும் பாட்டிலும் டின்னும் அங்கே இல்லை. விரலையே சுற்றிக் கம்பியை வளைத்தார். இதழ் இதழாக வந்தது. பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி நூல் பிடித்துக் கொடுத்தாள். அத்தை கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தார். பச்சை டேப்பைச் சுற்றி முடித்து, பூவைச் சம்பந்தியம்மாவிடம் நீட்டினார் அம்மா.

"எங்கிட்ட எதுக்குக் குடுக்குறீங்க? நீங்களே ஒங்க மகளுக்கு வெச்சு விடுங்க" என்றார் சம்பந்தியம்மா.

அம்மா அத்தையைப் பார்த்தார். அத்தை தலையசைத்தார். அம்மா எழுந்து அக்காவின் பின்னால் போய் நின்றார். நைலானைக் கிழிக்காத அந்த விரல்கள் இப்போது மல்லிகைக்குள் இடம் தேடித் தடுமாறின. ஒரு முறை செருகினார், சரிந்தது. மறுபடியும் செருகினார். அக்கா குனிந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. நான் அழுததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், எல்லாரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா அக்காவின் தலையை ஒரு கையால் அழுத்திப் பிடித்தார். பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிவிடும்போது அதட்டுகிற அதே குரலில், "ஆட்டாதடி, பூ நிக்க மாட்டேங்குது" என்றார்.